ஏழு வேணாம், ஒண்ணு போதும்!

தங்கச்சிக்குக் கல்யாணம் நிச்சயமானதுமே வீட்டில் லிஸ்ட் ரெடி. பட்டுப்புடவை மட்டும் 7! என் பி.எஃப். கணக்குக்கு மயக்கமே வந்துவிட்டது. ‘கடைக்கு அப்புறம் போகலாம், முதல்ல தறியைப் பார்ப்போம்’ என்று அவளைக் காஞ்சிபுரம் பஸ் ஏற்றினேன்.

பிள்ளையார்பாளையத்தில் தெருவுக்குள் நுழைந்தாலே தறிச் சத்தம்தான். குழித்தறியில் ஒரு பெரியவர், பக்கத்தில் ஒத்தாசைக்கு அவர் சம்சாரம். கோர்வைப் புடவைக்கு 2 ஆள், 3 நாடா வேணுமாம். உடல் ஒரு கலர், பார்டர் வேற கலர். ஒவ்வொரு ஊடை இழைக்கும் இரண்டையும் கோத்து வாங்க வேண்டும்.

“புடவையே கிழிஞ்சாலும் பார்டர் பிரிஞ்சு வராது தம்பி!”

சரிகையையும் காட்டினார். பட்டு நூல் மேல் வெள்ளி, வெள்ளி மேல் தங்க முலாம். பழம்பட்டு வாங்குகிறவர்கள் நம்ம வீட்டு வாசலில் வந்து ஏன் நிற்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது!

“பையனும் தறிதானாய்யா?” என்றேன்.

“அவன் கம்பெனிக்குப் போறான். மாசம் பொறந்தா சம்பளம். எனக்கப்புறம் இந்தத் தறி சும்மாதான் கெடக்கும்.”

தங்கச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “முகூர்த்தத்துக்கு ஒரே ஒரு கோர்வை. ரிசப்ஷனுக்கு அம்மாவோட கல்யாணப் பட்டு” என்றாள்.

பெரியவர் சிரித்தார். “பிளாஸ்டிக் கவர்ல வைக்காதம்மா. பருத்தித் துணியில சுத்தி வை. மூணு மாசத்துக்கொரு தரம் மடிப்பை மாத்து. உன் பொண்ணும் கட்டுவா.”

தங்கை உள்ள சகாக்களே! லிஸ்ட் வந்ததும் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் ஒரு தறியைக் காட்டுங்கள். லிஸ்ட் தானாகவே இளைக்கும்!