நிறையா, திணிவா?

இருபது வருஷம் உபாத்தியாயர் உத்தியோகம் பார்த்தவனுக்கு, தான் சொல்வதை மறுத்துப் பேச வகுப்பில் ஆளில்லை என்பது மெள்ள மெள்ளப் பழகிப் போய்விடுகிறது. அந்தப் பழக்கத்துக்கு நான் கண்டெடுத்த மருந்து தமிழ் விக்கிப்பீடியா.

ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டு, தினம் காவேரிப் பாலத்தைக் கடந்து போய், திருச்சியில் பௌதிகம் போதிப்பது என் ஜீவனம். இரவு வீடு அடங்கியபின் கம்ப்யூட்டர் முன் உட்காருவேன். 2003-ஆம் வருஷம் தொடங்கிய அந்தக் கலைக்களஞ்சியத்தில் இன்று 1,50,000-க்கு மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. எழுதுகிற அன்பர்களுக்குக் காலணா சம்பளம் கிடையாது. ஆரம்ப நாளில் அதற்கு உருக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் மயூரநாதன் என்னும் யாழ்ப்பாணத்துக் கட்டடக் கலைஞர். அவர் வேலை பார்த்ததோ அரபு நாட்டில்!

எல்லாம் அமிர்தம் என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். வாயில் நுழையாத மொழிபெயர்ப்புகளும் உண்டு. ஒரு காற்புள்ளிக்காக மூன்று நாள் நடக்கும் யுத்தமும் உண்டு. ஆயினும் கட்டுரைகளுக்குப் பின்னால் இருக்கிற உரையாடற் பக்கங்களில் நான் கற்றது அதிகம்.

ஓர் உதாரணம். ஒரு பொருளில் அடங்கிய சடத்தின் அளவை நம் பாடப் புத்தகம் 'நிறை' என்கிறது. பூமி அதை இழுக்கும் விசையை 'எடை' என்கிறது. இலங்கைப் புத்தகத்திலோ முன்னது 'திணிவு', பின்னதுதான் 'நிறை'! ஒரே சொல் பாக் நீரிணையைத் தாண்டியதும் பொருள் மாறிவிடுகிறது. 1916-இல் சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் சாஸ்திரச் சொற்களுக்குத் தமிழ் காண ஒரு சங்கம் அமைத்துப் பத்திரிகையும் நடத்தினார்கள். யாழ்ப்பாணத்தாரின் அபிப்பிராயம் வேண்டுமானால் அவர்கள் தபாலுக்கல்லவா காத்திருக்க வேண்டும்? எனக்கு அரை மணியில் பதில் வந்தது.

இது வெறும் பண்டித விவகாரமன்று. கொட்டப்பட்டு மறுவாழ்வு முகாமிலிருந்து என் வகுப்புக்கு வரும் ஒரு பையன், 50 கிலோகிராம் மனிதனின் 'நிறை' சுமார் 490 நியூட்டன் என்று எழுதியிருந்தான். கணக்கு சரி. வீட்டில் அவனுக்குப் பாடம் சொல்லித் தருகிறவர் யாழ்ப்பாணத்தில் படித்த தாயார். பரீட்சைத் தாள் திருத்துகிறவருக்கு அது தெரியுமா? மதிப்பெண் போய்விடும்.

"பரீட்சையில் 'எடை' என்று எழுது, தம்பி. அம்மா சொன்னது தப்பு என்று மட்டும் நினைத்துவிடாதே" என்றேன். கைபேசியில் அந்த உரையாடற் பக்கத்தையும் காட்டினேன். பையன் இரண்டு தடவை படித்தான், ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் காலை ஒரு நோட்டுப் புத்தகத்தை மேஜைமேல் வைத்தான். முத்துப் போன்ற கையெழுத்தில், ஒட்சிசன், ஐதரசன் என்று தொடங்கி நாற்பது சொற்கள். "அம்மா உங்களிடம் கொடுக்கச் சொன்னா, சேர்" என்றான்.