மோட்டார் ரூம் நோட்டிலிருந்து

200 லிட்டர் டிரம்மைத் தொட்டி மேட்டில் வைத்து, குழாயை அதற்குள் திருப்பிவிட்டு, போனில் நேரம் பார்த்தேன். நிரம்ப ஒரு நிமிடம். மூன்று தடவை வைத்துப் பார்த்தும் ஓரிரு விநாடிதான் முன்பின். மணிக்கு 12,000 லிட்டர். மூன்று தலைமுறையாகக் கிணற்றை நம்பிப் பிழைக்கும் குடும்பத்தில் இந்த எண்ணை யாரும் எழுதிவைத்ததில்லை. "ரெண்டு இஞ்சு ஊத்துது" என்போம், அதோடு சரி.

ஒரு ஏக்கரில் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் பரவ 2 லட்சம் லிட்டர் வேண்டும். என் குழாய்க்கு அது 17 மணி நேரம். மும்முனைக் கரண்ட் ஒரு நாளைக்கு 6 மணி நேரம் நின்றால் மூன்று நாள் வேலை. ஏக்கர் பாய மூன்று நாள் ஆகும் என்பது மடை மாற்றும் எல்லோருக்கும் தெரியும். அந்த மூன்று நாளுக்குள் 2 லட்சம் லிட்டர் இருக்கிறது என்பது எனக்கே இப்போதுதான் உறைத்தது.

*

கரண்ட் கணக்கு. மோட்டார் 5 எச்.பி. இறைக்கும்போது தண்ணீர் நிற்பது 200 அடியில். ஒரு ஏக்கர் ஒரு முறை பாய ஏறத்தாழ 75 யூனிட் ஓடுகிறது. யூனிட்டுக்கு 6 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 450 ரூபாய். கடலைக்குப் பத்துத் தண்ணீர் என்றால் 4,500 ரூபாய். நான் கட்டுவது பூஜ்யம்.

இந்தப் பூஜ்யத்தைப் பற்றி லேசாகப் பேச எனக்கு மனம் வராது. 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில், மின் கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய விவசாயிகளில் மூன்று பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். 1972இல் விவசாயிகளின் தலைவர் நாராயணசாமி நாயுடு பின்னால் திரண்டவர்கள் கோவை வீதிகளில் மாட்டுவண்டிகளைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். எண்பதுகளில் முதலில் சிறு விவசாயிகளுக்கும், 1989இல் வந்த கருணாநிதி ஆட்சியில் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. அது யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்தது என்று நகரத்தில் யாராவது பேசினால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

ஆனால் கரண்டுக்குக் காசில்லை என்றதும் தண்ணீருக்கும் காசில்லை என்று கை பழகிவிட்டது. என் சங்கடம் அங்கேதான்.

*

போர்வெல் கணக்கு. இதைத்தான் இத்தனை நாள் எழுதத் தள்ளிப்போட்டேன்.

600 அடி போட்டது. ரிக் கூலி, கேசிங், மோட்டார், பைப், கேபிள், ஸ்டார்ட்டர் எல்லாம் சேர்ந்து 3,60,000 ரூபாய். பத்து வருடம் தண்ணீர் கொடுத்தால் வருடத்துக்கு 36,000. கடன் படிப்படியாகக் குறைவதால் 9 சதவீத வட்டியைப் பாதி முதலுக்குப் போட்டால் வருடத்துக்கு 16,200. மொத்தம் 52,200. இரண்டு ஏக்கரில் இரண்டு போகம், ஆக ஒரு ஏக்கர் ஒரு போகத்துக்கு 13,050 ரூபாய். கரண்ட் செலவைப்போல மூன்று மடங்கு.

அதே போர் நாலு வருடத்தில் வற்றினால்? வருடத்துக்கு 90,000, வட்டி 16,200. ஒரு ஏக்கர் ஒரு போகத்துக்கு 26,550.

வரவுப் பக்கம்: எங்கள் காட்டில் மழை ஒழுங்காகப் பெய்தால் மானாவாரிக் கடலை ஐந்தரை குவிண்டால் வரும். இறவையில் பத்து. தண்ணீர் கூட்டிக்கொடுத்தது நாலரை குவிண்டால். 2025-26க்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,263 ரூபாய், அந்த விலையே கிடைத்தாலும் 32,700 ரூபாய்க்குள்தான். போர் பத்து வருடம் நின்றால் கையில் 19,000 சொச்சம். நாலு வருடத்தில் போனால் 6,000. தண்ணி கட்டும் ஆள் கூலியும் கூடுதல் உரமும் போக அதிலும் ஒன்றும் நிற்காது.

போர் எத்தனை வருடம் நிற்கும் என்பதுதான் இந்தக் கணக்கின் முதல் வரி. அதை எழுத யாரிடமும் எண் இல்லை. நான் இறைப்பதை மட்டும் வைத்து அது முடிவாகாது, சுற்றி எத்தனை போர் இறங்குகிறது என்பதும் உண்டு.

இதற்கு முன் போட்டது ஒன்று இருக்கிறது. 850 அடி. புகைதான் வந்தது. ரிக்காரர், "இன்னொரு எரநூறு அடி போட்டுப் பாத்துரலாமுங்க" என்றார். அப்பா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அதற்கு ஆன பணத்தை எந்தப் பயிரின் செலவில் எழுதுவது? கடலைமேல் ஏற்றினால் கடலை தாங்காது. அதனால் எதிலும் எழுதவில்லை. இந்தப் பக்கம் பல வீட்டுக் கடன் இப்படி எழுதாமல் விட்டதுதான்.

*

அப்பாரு, அப்பாவின் அப்பா, மாடு பூட்டிக் கவலை இறைத்தவர். ஒரு சோடி மாடு, வடம், வால்கயிறு, பறி. விடியும் முன்னே பூட்டினால் வெயில் ஏறுவதற்குள் கால் ஏக்கர் நனையும் என்பார். மாடு களைத்தால் இறைப்பு நின்றுவிடும், கிணறு மறுபடி ஊற அந்த நேரம் போதும்.

*

எந்தத் தண்ணீர் எவ்வளவு பெறும் என்பது வேறு கணக்கு. பத்துத் தண்ணீரையும் ஒரே விலையாகப் போட முடியாது.

விதைத்ததும் ஒன்று, பிறகு உயிர்த்தண்ணி. இரண்டும் முளைப்புக்கு. அதன்பின் பூவெடுக்கும்வரை கடலையைச் சற்றுக் காயவிடலாம், வேர் கீழே போகும். அந்த நாளில் செடி வாடுகிறதே என்று மனம் கேட்காமல் பாய்ச்சிவிடுவோம், கொடி செழித்துக் காய் குறையும். பூ வந்து விழுது இறங்கும்போது கதை வேறு. 40, 45ஆம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைப்போம். அப்போது மேல்மண் ஈரமாக இருந்தால்தான் விழுது உள்ளே போகும். காய்ந்து இறுகிய மண்ணின்மேல் விழுது காற்றிலேயே கருகும். ஜிப்சத்தின் சுண்ணாம்புச்சத்தைக் காய் நேரடியாக மண்ணிலிருந்து உறிஞ்சுவதால் அதற்கும் ஈரம் வேண்டும். போன வருடம் சரியாக அந்த வாரம் மோட்டார் காயில் எரிந்தது. காயில் கட்டி வர ஆறு நாள். அந்த ஏக்கர் ஏழு குவிண்டாலைத் தாண்டவில்லை. மற்ற தண்ணீர் எல்லாம் முறையாகப் பாய்ச்சியும் இப்படி.

கடைசியாகப் பிடுங்கும் முன் ஒரு தண்ணீர். அது காயை வளர்க்காது. ஆனால் மண் இளகி, காய் மண்ணுக்குள் அறுந்து நிற்காமல் செடியோடு வரும், ஆள் கூலியும் குறையும். நோட்டில் அதை அறுவடைச் செலவில் எழுதுகிறேன்.

மக்காச்சோளத்துக்கு அந்த நாள் ஆண்பூ வந்து கதிரில் நூல் விடும்போது. அன்று தவறினால் கதிரில் மணி பிடிக்காமல் பொக்கை விழும்.

*

மச்சானுக்கு மடத்துக்குளம் பக்கம், அமராவதிப் பாசனம். நெல். மழையோடு சேர்த்து நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் என்று போட்டால் ஏக்கருக்கு 48 லட்சம் லிட்டர் சொச்சம். கடலைக்கு 500 மில்லிமீட்டர், 20 லட்சம் லிட்டர். 25 குவிண்டால் நெல், 2025-26 ஆதரவு விலை 2,369: லட்சம் லிட்டருக்கு மொத்த வரவு 1,220 ரூபாய். கடலையில் 3,600.

எண்ணைக் காட்டினேன். அவர் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "நெல்லுன்னா கொண்டுபோய்ப் போட கொள்முதல் நிலையம் இருக்குதுங் மாப்ள. கடலைக்கு ஏலத்துல அன்னைக்கு என்ன கேக்கறானோ அதுதானே வெலை?"

அவர் சொல்வது சரி. தண்ணீரை மிச்சம் பிடிக்கச் சொல்கிறவர்கள் கடலைக்கும் ராகிக்கும் துவரைக்கும் அதே உறுதியோடு எடை போட்டு எடுத்தால், எந்தச் சட்டமும் இல்லாமலே பாதிக் காடு மாறும் என்று நினைக்கிறேன். அதுவரை அவரால் முடிந்தது காய்ச்சலும் பாய்ச்சலும். துளையிட்ட குழாயை வயலில் பதித்து, தண்ணீர் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகே திரும்ப விடுகிறார். கதிர் வரும் சமயம் மட்டும் காயவிடுவதில்லை. விளைச்சல் குறையவில்லை என்கிறார்.

*

சொட்டுநீர். சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாட்டில் முழு மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். போட்டோம். அணில் கடித்தது, உப்பு அடைத்தது, ஆசிட் விட்டுக் கழுவினோம். அதெல்லாம் சமாளிக்கலாம். என்னை உறுத்துவது வேறு. மிச்சமான தண்ணீரைக் கிணற்றில் விடவில்லை, மேல்காட்டில் தரிசாகக் கிடந்த முக்கால் ஏக்கருக்குக் கொண்டுபோனோம். வருமானம் கூடியது. கிணறு முன்போலவே இறங்கியது.

*

கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடும் திட்டத்தில் ஈரோடு பக்கம் விவசாயிகளே இரண்டாகப் பிரிந்தார்கள். கடைமடைக்காரருக்குக் கசிவு நஷ்டம். வாய்க்காலை ஒட்டிக் கிணறு வைத்திருப்பவருக்கு அந்தக் கசிவுதான் ஊற்று. எங்களுக்குப் பரம்பிக்குளம்–ஆழியாறு தண்ணீர், நாலு மண்டலமாகப் பிரித்து முறை வைத்து வருவது. முறை வரும் மாதங்களில் கிணறு தானாக ஏறும். அந்த ஏற்றத்துக்கு என் நோட்டில் இதுவரை வரவு எழுதியதில்லை.

*

ராத்திரி கரண்ட் விட்டால் ஆட்டோ ஸ்டார்ட்டர் தானே எடுத்துக்கொள்ளும். விடியும்போது பாத்தி நிறைந்து வரப்புத் தாண்டி வண்டிப்பாதையில் ஓடிக்கொண்டிருக்கும். போன வாரம் ஆட்டோவைக் கழற்றிவிட்டேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மோட்டார் ரூமில் கட்டில் போட்டு அவரே படுத்துக்கொள்கிறார். எழுபது வயதில் பாம்பு நடமாடும் வரப்பில் டார்ச் அடித்துக்கொண்டு மடை மாற்றப் போகிறவரின் தூக்கத்துக்கு எந்தப் பத்தியில் தொகை போடுவது?

*

நோட்டில் புதிதாக மூன்று பத்தி கோடு போட்டிருக்கிறேன்: ஓடிய மணி, பயிரின் நாள், கயிறு. பத்தடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட நைலான் கயிறு, நுனியில் ஒரு போல்ட். காலையில் மோட்டார் போடும் முன் போருக்குள் விட்டுப் பார்ப்பது. இன்று பதினைந்தாவது முடிச்சு தாண்டி ஒரு முழம். பங்காளி வீட்டுப் பையனும் அவர்கள் போரில் விட்டுப் பார்க்கிறேன் என்று கயிற்றை வாங்கிப் போயிருக்கிறான். வடக்குக் காட்டுக் கடலைக்கு நாளை 38ஆம் நாள்.