நான்கு வளையங்கள்

பாய் சுத்தியலைத் தொடவே இல்லை. ஸ்க்ரூ டிரைவர் முனையால் கதவுக்குக் கீழே லேசாகக் குத்தினார். பிடிவரை உள்ளே போய்விட்டது. "இது தகடு இல்ல தம்பி. பெயின்ட்டுதான் நின்னுட்டிருக்கு" என்றார்.

ஜமுனாமரத்தூரில் எங்கள் பலா மரத்தடியில் பதினோரு வருடம் நின்ற அப்பாவின் மெட்டடார் வேன் அது. உள்ளே ஒரு படுக்கை, ஒரு அடுப்பு, தண்ணீர்த் தொட்டி வைத்து, மனைவியும் மகளும் நானுமாக ஊர் ஊராகப் போவது என்பது என் திட்டம். பதினைந்து வருடமாகத் திரையைப் பார்த்துக் கோடு எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு ஆசை வருவது இயல்புதானே. வீடியோக்களில் பார்த்ததெல்லாம் ஃபோக்ஸ்வேகன் வண்டிகள். வெஸ்ட்ஃபாலியா 1951-லேயே அதில் படுக்கை போட ஆரம்பித்துவிட்டது. எந்தத் தகடு துருப்பிடித்தாலும் புதிதாக அச்சடித்து விற்க இன்றும் ஐரோப்பாவில் ஆள் இருக்கிறது.

மெட்டடாரும் தூரத்துச் சொந்தம்தான். ஹாம்பர்க்கின் டெம்போ நிறுவனம் 1949-இல் முதல் மெட்டடாரைச் செய்தபோது அதில் போட்டது ஃபோக்ஸ்வேகன் எஞ்சின். ஃபோக்ஸ்வேகன் தானே வேன் செய்ய ஆரம்பித்ததும் எஞ்சின் தருவதை நிறுத்திக்கொண்டது. அந்தப் பெயரில் புனேயின் பஜாஜ் டெம்போ 1969-இலிருந்து செய்த வண்டி, கல்யாணம், காய்கறி, பள்ளிக்கூடம் என்று நம் ஊர் முழுக்க ஓடியது. ஆனால் அதற்குத் தகடு கேட்டுப் பாருங்கள். நான் தேடியவரை கிடைத்தது காயலான் கடையில் இன்னொரு துருப்பிடித்த மெட்டடார் மட்டும்தான்.

மலைக்காற்றில் உப்பு கிடையாது, அதனால் துரு குறைவாக இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். பலா இலைகளை யோசிக்கவில்லை. கூரை ஓரத்து மழைக்காலில் விழுந்து மக்கி, ஈரத்தை வருடம் முழுக்கப் பிடித்து வைத்திருக்கின்றன. கதவின் அடியில் தண்ணீர் வடிய விட்ட துளைகள் மண்ணடைத்துப் போக, கதவே தொட்டியாகிவிட்டது. இரண்டு தகடுகள் சேரும் இடத்தில் துரு புகுந்தால் இன்னும் மோசம். துரு இரும்பைவிடக் கூடுதல் இடம் கேட்கும். உள்ளிருந்தே இரண்டையும் பிளக்கும். வெளியே ஒரு சின்னக் கொப்புளம்தான் தெரியும்.

பாய் திருப்பத்தூரிலிருந்து சனிக்கிழமைதோறும் மேலே வருவார். ஒரு சனிக்கிழமை அவர் வரத் தாமதமானது. நான் கிரைண்டரை எடுத்து, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டத்தை ஒரு முழம் வெட்டி எடுத்தேன். சுத்தமாக வெட்டியதில் பெருமை வேறு. பாய் வந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கதவை மெதுவாகச் சாத்தினார். பூட்டு வாய் ஒரு விரற்கடை கீழே நின்றது. அந்தச் சட்டம்தான் வண்டியின் இடுப்பு. உள்ளே ஆங்கிள் இரும்பால் முட்டுக் கொடுக்காமல் வெட்டினால் பாடி தொங்கிவிடும். "கம்ப்யூட்டர்ல அழிச்சா திரும்ப வருமா?" என்று கேட்டார். வரும் என்றேன். "இங்க வராது."

ஜாக்கி வைத்துத் தூக்கி, முட்டுக் கொடுத்து, கதவை மாட்டியபடியே இடைவெளி அளந்து நேராக்க இரண்டு சனிக்கிழமை போயிற்று. கூலியை அவர் குறைத்துத்தான் வாங்கினார், அது இன்னும் உறுத்தியது.

அதன்பிறகு அவர் சொன்னதை மட்டும் செய்தேன். துருவின் மேலேயே தகடு வைத்து மூடிப் பட்டி பூசுவது சுலபம், இரண்டு மழைக்குத் தாங்கும். நல்ல இரும்பு வரும்வரை வெட்ட வேண்டும். தட்டினால் 'ணங்' என்று கேட்கும் இடம் அதுதான். அட்டையில் அச்செடுத்து, இருபது கேஜ் தகட்டை வெட்டி வளைத்து, ஓரத்தில் பொட்டு வைத்தாற்போல் ஒட்டுவார். ஒரு பொட்டு இங்கே, அடுத்தது ஒரு சாண் தள்ளி. தொடர்ந்து ஒட்டினால் சூட்டில் தகடு அப்பளமாகிவிடும். பழைய தகடு மெலிந்து ஓட்டை விழும் இடத்தில் பின்னால் செம்புத் துண்டைப் பிடிக்கச் சொல்வார். செம்பில் வெல்டிங் பிடிக்காது. அந்தத் துண்டைப் பிடிப்பதுதான் என் வேலை.

தரைத் தகட்டை எடுக்கும்போதுதான் வளையங்கள் தெரிந்தன. ரப்பர் விரிப்புக்கு அடியில் நான்கு, கட்டுக்கம்பி வளைத்து அப்பாவே ஒட்டியதுபோல முரட்டுத்தனமாக. ஏதோ மூட்டை கட்டத்தான் என்று நினைத்தேன்.

வேலி ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் உள்ளே வந்தார். "அது கட்டில் கட்றதுக்குப்பா" என்றார். 2008-இல் 108 வருவதற்கு முன்னால் இரவில் இறங்க வேண்டுமென்றால் அப்பாவைத்தான் எழுப்புவார்களாம். "எம் பொண்ணு இதுலதான் பொறந்தா, போளூர் எறக்கத்துல. எந்தம்பிய வேலூர் ஆஸ்பத்திரிலேர்ந்து எடுத்துனு வந்ததும் இதுலதான். இதே எடத்துல கட்டி." கொஞ்ச நேரம் வண்டியைப் பார்த்தார். "இன்னா பண்ணப் போற இத?"

சொன்னேன்.

"இதுலயா படுத்துத் தூங்கப் போறீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அப்பா இதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. இரவில் வண்டி கிளம்பும் சத்தம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. காலையில் அவர் வேனைக் கழுவிக்கொண்டிருப்பார். ஏன் இப்படிக் கழுவுகிறார் என்று அம்மாவிடம் கேட்டு, பதில் வராமல் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன்.

பாய் வளையங்களைத் தனியாக அறுத்து எடுத்து வைத்திருந்தார். தகடு பொடிந்துவிட்டது, கம்பிக்கு மேல்துரு மட்டும்தான். "கெட்டியா இருக்கு தம்பி. புதுத் தரையில திரும்ப வெக்கவா, வுட்டுடவா?"

வைக்கச் சொன்னேன். நான்காவது வளையம் வரும் இடத்தில்தான் அடுப்புப் பலகை வருவதாக வரைந்திருந்தேன். அடுப்பைப் பின்கதவுப் பக்கம் தள்ளிவிட்டேன். மனைவியிடம் அடுப்பு மாறியதைச் சொல்லிவிட்டேன், ஏன் என்பதை இன்னும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை ரெட் ஆக்சைடு அடிக்கிறோம்.