ஃபில் ஆகாத கேப்

நேற்று 100 ரூபாயில் முடிந்த பங்கு இன்று காலை 103-இல் திறந்தால், நடுவில் விட்டுப்போன 3 ரூபாய்தான் 'கேப்'. "கேப் ஃபில் ஆகியே தீரும்" என்பது பல டிரேடர்களுக்கு வேதவாக்கு. அதை நம்பி அமிபுரோக்கரில் நாலு வரி ஃபார்முலா எழுதி, கேப் பெரிதானால் சார்ட்டில் சிவப்பு அம்பு விழும்படி சொந்த இண்டிகேட்டர் செய்துகொள்கிறார்கள். அம்பு விழுந்ததும் விற்பது, விலை நேற்றைய முடிவுக்கு இறங்கியதும் திரும்ப வாங்குவது. பழைய சார்ட்டில் ஓட்டிப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும்!

ஆனால் கேப் ஏன் வந்தது என்று ஃபார்முலாவுக்குத் தெரியாதே... 2009 மே 18, தேர்தல் முடிவு வந்த பிறகு முதல் திங்கள். நிஃப்டியின் முந்தைய முடிவு 3,671. திறந்த வேகத்தில் அப்பர் சர்க்யூட், வர்த்தகம் நிறுத்தம். மறுபடி திறந்தார்கள், மறுபடி சர்க்யூட், அன்றைக்குக் கடையே மூடல். முடிவு 4,323. விற்று மாட்டியவர் ஸ்டாப்லாஸ் போட்டிருந்தாலும், திரும்ப வாங்கச் சந்தை திறந்திருந்தால்தானே? நிஃப்டி அதன்பிறகு 3,671 பக்கம் வரவே இல்லை.