நாணலும் நெகிழியும்

பட்டிமன்றங்களில் 'இயற்கையா, செயற்கையா?' என்னும் தலைப்பு வரும்போதெல்லாம் இயற்கையின் பக்கம் நின்று முழங்குவதே என் வழக்கம். அவ்வழக்கத்தை மாற்றியது விரல் நீளமுள்ள ஒரு சிறு துண்டு என்றால் வியப்பாகத்தான் இருக்கும். அதுதான் கிளாரினெட்டின் ரீடு.

எனது ஊர் ஆதிச்சநல்லூர். 1876இல் ஜெர்மானியரான யாகோர் அகழ்ந்தது முதல், முதுமக்கள் தாழிகளால் உலகம் அறிந்த ஊர் அது. எங்கள் இல்லத்திற்கோ பெயர் தேடித் தந்தது தந்தையாரின் கிளாரினெட்டு. திருவைகுண்டம் முதல் தூத்துக்குடி வரை கோயில் விழா, நிக்காஹ் ஊர்வலம், மாதா சப்பரம் என வேற்றுமை பாராது பேண்டு வாத்தியக் குழுவோடு சென்று வாசித்தவர் அவர். நாகசுரத்தில் ஷேக் சின்ன மௌலானாவையும், கிளாரினெட்டில் ஏ.கே.சி. நடராஜனையும் தம் மானசீக குருமார்களாகப் போற்றியவர்.

நாகசுரத்தின் சீவாளி காவிரிக்கரை நாணலில் உருவாகும் இரட்டை இதழ். கிளாரினெட்டின் ரீடோ ஒற்றை இதழ். அதற்கான நாணலுக்குத் தென்பிரான்சின் வார் பகுதி பெயர் பெற்றது. இரண்டுமே உமிழ்நீரில் ஊறினால்தான் வாய் திறக்கும். எங்கள் ஊர்க் கோடைக் காற்றில் நாணல் ரீடின் நுனி காய்ந்து நெளியும். தூத்துக்குடிக் கடற்காற்றில் ஈரமேறிக் கனக்கும். பத்து ரீடுகள் கொண்ட பெட்டியில் மூன்றோ நான்கோதான் தந்தையார்க்குத் தேறும். ஏனையவற்றைக் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து, உப்புத்தாளால் பொறுமையுடன் தேய்த்துப் பக்குவப்படுத்துவார்.

அவரிடம் பயின்ற இளைஞர் ஒருவர் ஒருமுறை நெகிழி ரீடு ஒன்றைக் கொண்டுவந்தார். 1998இல் கனடாவில் தொடங்கப்பெற்ற லெஜேர் நிறுவனத்தின் தயாரிப்பு அது. "பிளாஸ்டிக்கில் ராகம் வருமோ?" என்று நான் எள்ளி நகையாடினேன். தந்தையார் ஒன்றும் கூறவில்லை.

சில ஆண்டுகளில் அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் கண்டது. கதிர்வீச்சுச் சிகிச்சை உயிரைக் காத்தது; ஆயின் உமிழ்நீரை வற்றச் செய்துவிட்டது. மருத்துவர் வாசிக்க இசைவு தந்த பின்னரும் ரீடு நனையவில்லை. தண்ணீரில் ஊறவைத்து எடுத்தாலும் பத்து நிமிடத்தில் உலர்ந்து, ஒலி கம்மிவிடும். ஒருநாள் வாத்தியத்தைத் துடைத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். சாவியை என் அன்னையாரிடம் கொடுத்தார். அன்று அவர் உணவு கொள்ளவில்லை.

நான் எள்ளிய பொருளை நானே தேடி வாங்கினேன். ஒன்றின் விலையில் நாணல் ரீடுகள் ஒரு பெட்டியே வாங்கலாம். எனினும் அதற்கு ஈரம் தேவையில்லை, வெயிலுக்கு நெளிவதுமில்லை. தந்தையார் அதைப் பொருத்தி மோகனத்தை மெல்லத் தொடங்கினார். அரை மணி நேரம் வாசிப்பு நிற்கவில்லை. அடுக்களையில் பாத்திரம் துலக்கிய ஓசை நின்றுபோயிற்று.

"எப்படி இருக்கிறது, அப்பா?" என்றேன்.

"கீழ்ச் சுரம் கொஞ்சம் வெளுத்துத்தான் இருக்கு, எய்யா. ஆனா மூச்சு போற இடமெல்லாம் ஒலி வருது."

மறுநாள் நானும் அத்தகைய ரீடு ஒன்றை வாங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அவர் தம் பெட்டியைத் திறந்து, தேய்த்துப் பதப்படுத்தி வைத்திருந்த நாணல் ரீடுகளை என் கையில் வைத்தார். "உன் வாயில ஈரம் இருக்குற மட்டும் இதுலயே வாசி. இது கேக்குற பாட்டைப் படு. அப்பத்தான் உதடு பழகும்" என்றார்.

நாணலின் குழைவை நெகிழி முழுமையாகத் தந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நாணல் கைவிட்ட ஒரு மனிதரை நெகிழி கைதூக்கி விட்டதைக் கண்ணாரக் கண்டேன். இனி அப்பட்டிமன்ற மேடையில் ஏற நேர்ந்தால், எது உயர்ந்தது என்று முழங்குமுன், யாருக்கு, எந்நிலையில் என்று கேட்டுவிட்டே பேச்சைத் தொடங்குவேன்.