கன்னம் வீங்கினால் மருந்துக்கடைக்குப் போகாதீர்கள்



"டீச்சர், சொத்தைப் பல்லு பக்கம் கன்னம் வீங்கிப்போச்சு, என்ன மாத்திரை போடலாம்?" இந்த ஒரு மாதத்தில் இதே கேள்வியோடு மூன்று பேர் போன் செய்துவிட்டீர்கள். நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து, சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவள், அவ்வளவுதான். ஆனால் எங்கள் வீட்டிலேயே ஒரு பல் உயிர்வரை கொண்டுபோனதைப் பார்த்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

என் சித்திக்கு எழுபது வயதுக்கு மேல். தனியாகத்தான் இருக்கிறார். மகன் வெளிநாட்டில். கீழ்க்கடைவாய்ப் பல் ஒன்று ரொம்ப நாளாகவே சொத்தை. வலி வரும்போது கிராம்பை வைத்துக் கடிப்பார், கண்டங்கத்திரி விதைப் புகை பிடிப்பார். ஒரு வாரம் பல்லைப் பிடுங்குகிற மாதிரி வலி. பிறகு தானாகவே நின்றுவிட்டது. "பூச்சி செத்துப்போச்சு" என்றார். செத்தது பூச்சி இல்லை, பல்லின் நரம்பு. உயிரற்ற பல்லுக்குள் கிருமி நிம்மதியாகக் குடியிருந்து, வேர் வழியாக எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டியது. சில மாதம் கழித்துக் கன்னம் வீங்கியது. மருந்துக்கடையில் இரண்டு நாள் மாத்திரை வாங்கிப் போட்டார். கொஞ்சம் வடிந்தது, மறுபடி வீங்கியது. மகன் போனில் கேட்டபோதெல்லாம் "நல்லா இருக்கேன்பா" என்றே சொல்லியிருக்கிறார்.

நான் போய்ப் பார்த்த அன்று துண்டால் தாடையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. எச்சிலை விழுங்க முடியாமல் வழியவிட்டுக்கொண்டிருந்தார். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் கல் மாதிரி வீக்கம், நாக்கு மேலே தள்ளியிருந்தது. 108ஐ அழைத்து முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். கழுத்தைக் கீறிச் சீழை வெளியேற்றி, பல்லை எடுத்து, ஒன்பது நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அங்கே ரத்தம் பார்த்தபோதுதான் அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதே தெரிந்தது. "இன்னும் ஒரு ராத்திரி விட்டிருந்தால் மூச்சுக்குழாய் அடைத்திருக்கும்" என்றார் அங்கிருந்த இளம் டாக்டர்.

இதற்கு லுட்விக் ஆஞ்சைனா என்று பெயராம். 1836இல் இதை விவரித்து எழுதிய ஜெர்மன் மருத்துவர் லுட்விக் பெயரால் அழைக்கிறார்கள். நெஞ்சுவலிக்குச் சொல்லும் ஆஞ்சைனாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இங்கே அந்தச் சொல்லுக்குத் தொண்டை நெரிப்பு என்று பொருள். ஆன்டிபயாடிக் வராத காலத்தில் இது வந்தவர்களில் பாதிக்கு மேல் இறந்துபோனார்கள்.

கிராமத்துக் கிழவி என்பதால்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் 2007இல் டீமான்ட் டிரைவர் என்ற 12 வயதுப் பையன் பல் சீழ் மூளைக்கு ஏறி இறந்துபோனான். அந்தப் பல்லைப் பிடுங்க ஆகியிருக்கக்கூடிய செலவு சுமார் 80 டாலர். இரண்டு முறை மூளையில் அறுவை செய்தும் காப்பாற்ற முடியவில்லை.

மாத்திரை மட்டும் ஏன் போதாது? மருந்து ரத்தத்தின் வழியாகத்தான் போகும். செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டமே இல்லை. சுற்றியிருக்கிற வீக்கத்தை மாத்திரை அடக்கும், உள்ளே இருக்கிற கிருமியை அதனால் தொட முடியாது. சீழுக்கு வழிவிட வேண்டும். பிறகு வேர் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்ற வேண்டும், அல்லது பல்லை எடுத்துவிட வேண்டும். வேறு வழி கிடையாது. ஈறில் கொப்புளம் உடைந்து வாயெல்லாம் உப்புக்கரித்து வலி குறைந்தாலும் இதே கதைதான். கதவு திறந்திருக்கிறது, திருடன் உள்ளேயே இருக்கிறான்.

டாக்டரைப் பார்க்கும்வரை என்ன செய்யலாம்? ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை ஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள். ஒத்துக்கொள்பவர்கள் வலிக்குப் பாராசிட்டமால் போடலாம், அளவு மீறக் கூடாது. கன்னத்தின் வெளியே சூடான ஒத்தடம் வேண்டாம். ஈறில் மாத்திரையைப் பொடித்து வைப்பது, புகையிலை அடக்குவது, பெட்ரோல் நனைத்த பஞ்சு, எருக்கம்பால், ஊசியால் குத்துவது எதுவும் வேண்டாம். பழைய சீட்டைக் காட்டி ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள்.

பல் வலி ஓரிரு நாளில் நிற்காவிட்டால், தட்டினால் வலித்தால், ஈறில் கொப்புளம் வந்தால் உடனே பல் டாக்டரிடம் போங்கள். கன்னம் வீங்கிவிட்டால் அன்றைக்கே போங்கள். சர்க்கரை நோயாளிகளும் கர்ப்பிணிகளும் தள்ளிப்போடவே கூடாது. கர்ப்பம் என்பதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

வாய் திறக்க முடியவில்லை, விழுங்க முடியவில்லை, குரல் மாறுகிறது, வீக்கம் கண்ணுக்கோ கழுத்துக்கோ பரவுகிறது, குளிர்காய்ச்சல், மூச்சுத் திணறல் — இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளினிக் தேட வேண்டாம். 108, பெரிய ஆஸ்பத்திரி.

"மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும்" என்று இன்னமும் சொல்கிறார்கள். பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, கண் பார்வை நரம்பு வேறு. பல்லை எடுப்பதால் பார்வை போகாது. "வீக்கத்தோடு பல்லில் கை வைக்கக் கூடாது" என்பதையும் நாம் முடிவு செய்யக் கூடாது, டாக்டர் முடிவு செய்யட்டும்.

பயம் நியாயமானதுதான். வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்ற 8 பேர் மூளைத் தொற்றால் 2023இல் இறந்த செய்தி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சரியாகச் சுத்தம் செய்யாத கருவியால் திறந்த சலைன் பாட்டில் வழியாகக் கிருமி பரவியது என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதற்காகப் போகாமல் இருந்துவிடக் கூடாது. கருவிகளைக் கொதிகலத்தில் சுத்தம் செய்து பாக்கெட்டிலிருந்து எடுக்கிறார்களா, புதுக் கையுறை போடுகிறார்களா என்று கேளுங்கள். கேட்டால் நல்ல டாக்டர் கோபிக்க மாட்டார். பணம்தான் தடை என்றால் நம் கூட்டேரிப்பட்டிலிருந்து பஸ் ஏறினால் வடக்கே திண்டிவனம் அரசு மருத்துவமனை, தெற்கே முண்டியம்பாக்கம். மயிலம் வழியாகப் புதுச்சேரி போனால் ஜிப்மர். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள்.

சின்னப் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு ஒன்று. ஆறு வயது வாக்கில் பால் பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் அதையும் பால் பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் கன்னத்தில் கை வைத்து அழுத எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்தப் பல்தான் சொத்தையாக இருந்தது.

சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிற பிள்ளைகளே, ஊரில் இருக்கும் அம்மா அப்பா தங்கள் வலியை உங்களிடம் சொல்ல மாட்டார்கள். செலவு, அலைச்சல், உங்களுக்குத் தொந்தரவு என்று மறைப்பார்கள். இன்று ராத்திரி போன் செய்யும்போது "சாப்டியாம்மா" என்பதோடு நிறுத்தாதீர்கள். "எந்தப் பக்கம் மெல்லுற?" என்று கேளுங்கள். ஒரு பக்கம் மட்டும்தான் என்றால் அந்த வாரமே டாக்டரிடம் அழைத்துப்போக ஏற்பாடு செய்யுங்கள்.

நலமுடன் இருங்கள்.
உங்கள் டீச்சர், கூட்டேரிப்பட்டு