பெட்டி சாகவில்லை!

லேபில் 'பிங்' அடித்துப் பதில் வந்துவிட்டால், ரிக்கார்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். பதில் வந்த பிறகும் ஃபோல்டர் திறக்காவிட்டால்? எனக்கு அந்தப் பாடம் நடந்தது எங்கள் மணப்பாட்டு போட்டோ ஸ்டூடியோ ஒன்றில்.

மணல் குன்றுச் சிலுவைக் கோவிலின் செப்டம்பர் திருவிழா, கல்யாணம், புதுநன்மை என்று பன்னிரண்டு வருடப் படங்கள் அங்கே ஒரு நாஸ் பெட்டியில் இருந்தன. வேறு நகல் கிடையாது. கம்ப்யூட்டரை விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்கு மாற்றிய மறுநாள் பெட்டி திறக்கவில்லை. அன்றைக்குத்தான் ஓர் அக்கா, இறந்துபோன தன் அப்பாவின் படம் கேட்டு வந்திருந்தார். முப்பதாம் நாள் பூசைக்கு அச்சடிக்க வேண்டுமாம்.

"தம்பி, பொட்டி செத்துப் போச்சு. ரீசெட் அடிக்கச் சொல்லுதாவ" என்றார் ஸ்டூடியோ அண்ணன். கையில் குண்டூசி தயார்!

"ஊசியக் கீழ வைங்கண்ணே."

பிங் போனது. சுவரில் இருந்த டி.வி.யோ, டி.எல்.என்.ஏ. என்ற வேறு வழியில், அதே பெட்டியின் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தது. டிஸ்க் செத்திருந்தால் டி.வி.யில் எப்படி வரும்? பெயருக்குப் பதில் ஐ.பி. முகவரியைத் தட்டினோம். 'உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை கெஸ்ட் நுழைவைத் தடுக்கிறது' என்ற பொருளில் ஒரு செய்தி வந்தது.

"நிறுவனமா? கடையில நானும் என் மச்சினனும்தான!" என்றார் அண்ணன்.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டரும் பெட்டியும் பேசிக்கொள்ளும் மொழி எஸ்.எம்.பி. 2024-இல் வந்த 24எச்2, புரோ வகையில், அந்தப் பேச்சுக்குக் கையொப்பம் கேட்கிறது. கையொப்பத்துக்கான சாவி, பாஸ்வேர்டு கொடுத்து நுழையும்போதுதான் உருவாகும். பாஸ்வேர்டே இல்லாத கெஸ்ட் எங்கே போய்க் கையெழுத்துப் போடுவார்?

கையொப்பத்தை அணைத்து கெஸ்டைத் திறந்துவிட்டால் இரண்டு நிமிட வேலைதான். எனக்கு மனம் வரவில்லை. 2017 மே மாதம் வான்னாகிரை, எஸ்.எம்.பி. முதல் பதிப்பின் ஓட்டை வழியே பரவி, பிரிட்டனில் ஆஸ்பத்திரி வேலைகளையே முடக்கியது. அந்த ஓட்டை வேறு, இது வேறு. ஆனால் இரண்டும் ஒரே தெரு.

பெட்டியின் அட்மின் பக்கத்தில் ஒரு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் உண்டாக்கி, பழைய முதல் பதிப்பையும் அங்கேயே அணைத்தேன். விண்டோஸில் அந்தப் பெயரைக் கொடுத்ததும் ஃபோல்டர் திறந்தது. திருவிழாப் பந்தலில் வெள்ளைச் சட்டையோடு அக்காவின் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்றிரவே ஓர் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் நகல் எடுக்க ஆரம்பித்தோம். விடிந்தும் ஓடிக்கொண்டிருந்தது.